டாக்டர் சொல்லாத சாட்சியம்

யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். சிராங்கூன் ரோட்டில் என்னோடு டீ குடித்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். இதை நம்புங்கள் என்று உங்களிடமும் கேட்கப் போவதில்லை. பட்டப்பகலில், ஜட்ஜும் வக்கீல்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது, அதனால் சொல்கிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன் நான், அன்றைக்கும் இன்றைக்கும். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை, பேப்பர் படித்தும் மனிதர்கள் பேசுவதைக் காதில் வாங்கியும் வந்த இங்கிலீஷ். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு, சாட்சி ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘அவர் சொல்கிறார்’ என்று சேர்க்கக் கூடாது. ஒரே காலையில் திருடனாகவும் அவனைப் பிடித்த போலீஸாகவும் பேசியிருக்கிறேன்.

அந்த வழக்கைப் போட்டவள் பாக்கியம். புருஷன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டை சரிந்து கால் முறிந்தது, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள், கட்டு இறுகி, கால் அழுகி, காய்ச்சல் கண்டு ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். பாக்கியம் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள், போய்ப் பார்க்க முடியவில்லை. வார்டிலோ தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நோயாளி வலி என்று சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் கவனித்திருப்போம் என்பது ஆஸ்பத்திரியின் கட்சி.

“வாயில்லாப் பூச்சி, அதான் செத்தான்னு எங்க குவாட்டர்ஸ்லயே பேசுறாங்கண்ணே,” என்று பாக்கியம் கோர்ட்டு வாசலில் என்னிடம் சொன்னாள். “உப்புக் கொறஞ்சா ஊரைக் கூட்டுற மனுசன். அங்க போயி சும்மாவா கெடந்திருப்பாரு?”

இந்த மாதிரி வழக்கு நிற்க வேண்டுமென்றால் இன்னொரு டாக்டர் வந்து ‘செய்தது தப்பு’ என்று சொல்ல வேண்டும். அவளுடைய வக்கீல் ஏறி இறங்காத கிளினிக் இல்லை, ஒரு டாக்டரும் இன்னொரு டாக்டருக்கு எதிராகக் கூண்டில் ஏறத் தயாரில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எலும்பு வைத்தியத்தில் பெரிய பெயர். அவர் வார்த்தை நின்றுவிட்டால் அன்றைக்கே பாக்கியத்தின் கதை முடிந்தது.

அவர் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிற நான் பாக்கியத்துக்குத் தமிழில் சொல்வேன். கட்டு முறைப்படி போடப்பட்டது என்றார், சொன்னேன். வீக்கம் எதிர்பார்க்கக்கூடியதுதான் என்றார், சொன்னேன். நோயாளி முறையிட்டதாகக் குறிப்பு இல்லை என்றார்.

அதற்கும் வாயைத் திறந்தேன். என்னளவில் அதையேதான் சொன்னேன். ஆனால் பாக்கியம் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டாள். டாக்டர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஜட்ஜ் கையை உயர்த்தி, சாட்சி சொன்னது ஒரே வரிதானே, நீ என்ன இவ்வளவு பேசுகிறாய் என்று கேட்டார்.

பதில் டாக்டரிடமிருந்து வந்தது, இங்கிலீஷில். “விரல் தன்னுடைய விரல் மாதிரி இல்லை என்று நோயாளி சொல்லியிருந்தால், அப்போதே கட்டைப் பிளந்திருக்க வேண்டும்.”

ஆஸ்பத்திரி வக்கீல் துள்ளி எழுந்தார், யார் அப்படிச் சொன்னது என்று. டாக்டர் என்னைக் காட்டினார். சாட்சி சொன்னதைத்தான் சொன்னேன் என்றேன் நான், சத்தியமாக எனக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தப் பேச்சையே பதிவிலிருந்து நீக்கச் சொன்னார் ஜட்ஜ். பாக்கியத்தின் வக்கீல் விடுவாரா, எழுந்து, அதையே நான் கேள்வியாகக் கேட்கிறேன் என்றார். நிபுணர் சாட்சியிடம் ‘இப்படி இருந்தால்’ என்று கேட்கலாம், தடையில்லை. டாக்டர் அதே பதிலைத் திரும்பச் சொன்னார். அதோடு நிற்காமல், பாஷை தெரியாத வார்டில் குறிப்பு இல்லை என்பதற்காக அவர் முறையிடவில்லை என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவர் யாருக்காக வந்தவர், பாருங்கள். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி தவறை ஒப்புக்கொண்டு சமாதானத்துக்கு வந்தது.

“இனிமே சாட்சி சொல்றதை மட்டும் சொல்லுய்யா, சொந்தச் சரக்கு வேணாம்,” என்று தலைமைக் குமாஸ்தா எச்சரித்ததோடு என் வேலை தப்பியது.

அன்று வராந்தாவில் டாக்டர் என்னை நிறுத்தினார். “நீர் அந்த ஆளை முந்திக் கண்டனீரோ?”

“இல்லீங்க டாக்டர். நான் என்னதான் சொன்னேன்?”

“‘பாக்கியம், விரல் என்ர விரல் மாதிரி இல்லை, கட்டைப் பிரிக்கச் சொல்லு’ எண்ட மாதிரிச் சொன்னீர். பிறகும் ஏதோ தொடங்கினீர், ஜட்ஜ் நிப்பாட்டிப் போட்டார்.” போகத் திரும்பியவர் மறுபடி என்னிடம் வந்தார். “குரல் உம்மடதுதான். அதுதான் எனக்கு விளங்கேல்லை.”

பாக்கியத்தை இன்றும் தேக்கா மார்க்கெட்டில் பார்ப்பேன். அப்போது பிறந்த பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பாக்கியம் வழக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை, பணத்தைப் பற்றியும் இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள்.

“அண்ணே, ‘பிரிக்கச் சொல்லு’ன்னுட்டு, ‘புள்ளைக்கு’ன்னு ஆரம்பிச்சீங்களே. மீதி என்னண்ணே?”

“எனக்குத் தெரியாதும்மா.”

“ஞாபகம் வந்தா சொல்லுங்க லா,” என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. கூண்டுக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அந்த மீதி வார்த்தை வந்துவிடுமோ என்று என் குரலையே கவனித்துக் கேட்கிறேன். வந்தால், ஜட்ஜ் கையை உயர்த்தினாலும் நிறுத்துவதில்லை என்று இருக்கிறேன். இதுவரை வரவில்லை.