கறையக்காவின் ‘கொஞ்சம்’

அந்த லாண்டரிக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஆனால் தெருவில் யாரிடம் வழி கேட்டாலும், “கறையக்கா கடையா?” என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். சட்டைப் பையில் கசிந்த மை, கோட்டில் சிந்திய காபி, காலரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, எதைக் கொண்டுபோனாலும் துணியை மூக்கருகே ஒரு தரம் பிடிப்பாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள், “நாளைக்கு வாங்க” என்பாள். மறுநாள் கறை எங்கே இருந்தது என்று துணிக்குச் சொந்தக்காரரே தேடவேண்டும். பதினைந்து வருடமாக இப்படித்தான்.

கடையில் மொத்தம் நாலு பேர். துணி வாங்கிச் சீட்டு எழுதுவது நாத்தனார். வண்டி ஓட்டுவது கணவர். வாய் ஓயாத மனிதர். இஸ்திரி மேசையில் நிற்பவர் அவளைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் ஊருக்கெல்லாம் அக்கா என்பதால் அவருக்கும் அக்கா. நாலு பேர் என்பது பேச்சுக்குத்தான், கறையென்றால் அவள் ஒருத்திதான். மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. சந்தேகப்பட்ட துணியெல்லாம் அதில் விழும். அதன் பெயரே ‘அக்கா கூடை’. ஒரு சொட்டுத் தேநீர் பட்டிருந்தாலும் கூடைக்குள். மடிப்பின் நிழலைக் கறை என்று நினைத்துப் போட்டதும் நடந்திருக்கிறது. எதையும் நாம் முடிவு செய்யவேண்டியதில்லை என்கிற சுகம் இருக்கிறதே, அது ஒருமுறை பழகிவிட்டால் மனிதர்கள் லேசில் விடமாட்டார்கள்.

கறையக்காவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நான் இல்லாவிட்டால் இங்கே ஒரு கைக்குட்டைகூட வெளுக்காது என்று தினமும் அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்பில் முக்கால்வாசி பெருமை என்பது கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர.

இதற்கிடையில் வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்துவிட்டது. சட்டையும் போர்வையும் கடைக்கு வருவது குறைந்துகொண்டே போயிற்று. மதியத்தில் நாத்தனார் கன்னத்தில் கைவைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியே போனால் அடுத்த வருடம் கடையை இழுத்து மூடவேண்டியதுதான் என்று கறையக்காவுக்கு உள்ளுக்குள் தெரிந்துபோயிற்று. அந்த நேரத்தில்தான் இரண்டு தெரு தள்ளி நாற்பது அறைகளோடு ஒரு ஹோட்டல் திறந்தார்கள். தினமும் விரிப்பு, துண்டு, மேசைத்துணி. அந்த வேலை கிடைத்தால் கடை பிழைக்கும்.

ஹோட்டலில் துணிகளுக்குப் பொறுப்பான மேனேஜர் அம்மாள் நேரில் வந்து கடையைச் சுற்றிப் பார்த்தாள். குனிந்து கூடையையும் பார்த்தாள். இதையெல்லாம் யார் பார்ப்பது என்று கேட்டாள். நான்தான், வேறு யார் என்று கறையக்கா நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“நீங்க ஒரு வாரம் படுத்துட்டா?”

கறையக்கா கூடையைக் காலால் மேசைக்கடியில் இன்னும் உள்ளே தள்ளினாள். தான் முன்பு இருந்த ஹோட்டலில் லாண்டரிக்காரர் முதுகு பிடித்துப் படுத்ததில், மூன்று நாள் மாற்று விரிப்பில்லாமல் திண்டாடிப்போனதாக மேனேஜர் அம்மாள் சொன்னாள். ஒரே ஆளை நம்பி நாற்பது அறையை விடமுடியாது, ஒரு மாதம் பாதித் துணியை அனுப்பிப் பார்க்கிறேன், அப்புறம் பேசலாம் என்று கிளம்பிவிட்டாள்.

முதல் நாலு நாள் கறையக்கா சாப்பிட உட்காரவில்லை. கூடை நிறைந்து, பக்கத்தில் தரையெல்லாம் துணி குவிந்தது. ஐந்தாம் நாள் ஒரு விரிப்பைத் தேய்த்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் நாத்தனாரிடம், “அந்தத் துண்டுக்கெல்லாம் கொஞ்சம் ப்ளீச் ஊத்தி, கொஞ்ச நேரம் ஊற வை” என்றாள்.

நாத்தனார் தாராள மனசுக்காரி. கொஞ்சம் சோறு போடு என்றால் தட்டு வழியும் வரை போடுவாள். ப்ளீச்சையும் அதே மனசோடுதான் ஊற்றினாள். வாசலில் வந்த ஆளிடம் பேசிவிட்டு வந்து பார்த்தபோது, ஹோட்டலின் அடையாளமான நீலக்கரை பன்னிரண்டு துண்டிலும் வெளிறிக் கிடந்தது. கறை போயிற்று, கூடவே கரையும் போயிற்று.

கறையக்கா கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற நாத்தனார் கடைசியில் மெல்லக் கேட்டாள்:

“கொஞ்சம்னா எவ்வளவு அண்ணி?”

கொஞ்சமென்றால் கொஞ்சம்தான், இதையெல்லாமா சொல்லித்தர முடியும் என்று அவள் சீறினாள். ஆனால் அந்தக் கேள்வி அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. வெளிறிய துண்டுகளைத் தானே ஹோட்டலுக்கு எடுத்துப்போய், தப்பு நடந்துவிட்டது, புதுசாக வாங்கித் தருகிறேன் என்று சொன்னாள். மேனேஜர் அம்மாள் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் நாத்தனார் இருமல் மருந்து அளக்கும் சின்னக் கிண்ணம் ஒன்றை நீட்டினாள். வழக்கம்போல ஊத்துங்க அண்ணி, நான் பிடிக்கிறேன் என்றாள். கறையக்கா அலட்சியமாக ஊற்றினாள்: ஒரு கிண்ணம். அடுத்த வாளிக்கு ஒன்றரை. மூன்றாவது வாளிக்குக் கிட்டத்தட்ட மூன்று. மூன்றுமே அவளுக்குக் ‘கொஞ்சம்’தான்.

“என் கையே என்னை ஏமாத்துதே” என்றாள்.

கை ஏமாற்றவில்லை. முதல் வாளியில் தண்ணீர் குறைவு, மூன்றாவதில் கனமான துணி. கை பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறது. அவள் வாய்க்குத்தான் அது தெரியாது. அதற்குப் பிறகு மூன்று நாள் கறையக்கா செய்தது அவள் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை என்று சொல்லலாம். கை செய்வதையெல்லாம் வாயால் சொன்னாள். அலசுவதை ஏன் இப்போது நிறுத்தினீர்கள் என்று நாத்தனார் கேட்பாள். தெரியவில்லையே என்பாள். மறுபடி செய்து பார்ப்பாள். ப்ளீச் நாற்றம் குறைந்ததும் நிறுத்தியிருக்கிறேன் என்று கண்டுபிடித்து அவளே ஆச்சரியப்படுவாள். ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கெட்டது. எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் படுவதற்கு முன்னால் சோப்பு. கரை வைத்த துணிக்கு ப்ளீச் வாசனையே ஆகாது. நாத்தனார் எல்லாவற்றையும் சட்டை மடிப்புக்கு வைக்கும் அட்டைகளில் எழுதிச் சுவரில் மாட்டினாள். தான் சுமந்த வித்தையைத் தானே தோண்டியெடுத்து அடுத்தவர் கையில் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். அட்டை எழுதுவது ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது வேறு. இஸ்திரிக்காரர் மேசைத்துணிகளைத் தானே பார்க்க ஆரம்பித்தார். ஆள் நிதானம், வேலையும் சுத்தம். கறையக்கா கண்கொத்திப் பாம்பாக அவர் பின்னாலேயே சுற்றினாள். போதாக்குறைக்கு, அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அவர் முடித்துவைத்த துணிகளை எடுத்து மறுபடி ஒருமுறை அலசிப் போட்டாள். நான்கு நாள் இந்தத் திருட்டு வேலை நடந்தது. ஐந்தாம் நாள் கூடையில் மேசைத்துணிகள் மறுபடி நிறைந்திருந்தன. அவள் என்ன இது என்று கேட்டதற்கு, இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார்.

“எப்படியும் நீங்க மறுபடி துவைக்கப் போறீங்க. அப்புறம் நான் எதுக்குக்கா பார்த்துப் பார்த்துப் பண்ணணும்?”

கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் அது அவளைச் சுட்டது. கறையக்காவுக்கு அழுகை வந்தது. அவளுக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. தன்னைத் தேடாத ஒரு கடையில் தான் எதற்கு என்கிற பயம், அவ்வளவுதான். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். பிறகு வந்து, கூடையிலிருந்த துணிகளை அவர் மேசையில் வைத்தாள். வெறுங்கூடையைக் கணவரிடம் நீட்டி, வண்டியில் போடுங்க, இனி இது இங்கே வேண்டாம் என்றாள்.

அடுத்த இரண்டு வாரம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கை துறுதுறுக்கும்போதெல்லாம் வண்டியில் ஏறிக் கணவரோடு ஹோட்டலுக்குப் போய்வந்தாள். அங்கே அறை சுத்தம் செய்பவர்களிடம் எந்தத் துணி எப்படி அழுக்காகிறது என்று விசாரித்தாள். கறைத் துணியைத் தனிப் பையில் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஒரு சின்ன விடுதியிலும் பேசிவைத்தாள். இதற்கெல்லாம் பதினைந்து வருடத்தில் அவளுக்கு ஒரு மணி நேரம் கிடைத்ததில்லை.

மாதக் கடைசி நாளன்று மேனேஜர் அம்மாள் வந்தாள். கையில் ஒரு வெள்ளை மேசைத்துணி. வியாழக்கிழமை ஒரு கூட்டத்தில் பேனா உடைந்து உள்ளங்கையளவு மை கொட்டியதாகவும், தூக்கிப்போட வேண்டியதுதான் என்று நினைத்தே அனுப்பியதாகவும் சொன்னாள். துணியை விரித்துக் காட்டினாள். எந்த இடம் என்றே தெரியவில்லை.

“எப்படி எடுத்தீங்க?”

கறையக்காவுக்குச் சுருக்கென்றது. அப்படியொரு கறை வந்ததே அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணில் படாமல் இந்தக் கடைக்குள் ஒரு கறை வந்து போயிருக்கிறது. மைக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாதா? ஸ்பிரிட்டை ஒற்றினோம் என்று சொன்னால் போதும், யார் கேட்கப்போகிறார்கள். நாத்தனார் சீட்டு எழுதுவதை நிறுத்தியிருந்தாள். இஸ்திரிக்காரர் தலையைத் தூக்கவில்லை.

“எனக்குத் தெரியாதும்மா. இது என் கைக்கு வரவேயில்ல. அவரைத்தான் கேக்கணும்.”

மேனேஜர் அம்மாள் துணியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு இஸ்திரிக்காரர் பக்கம் போனாள். அவர் தடுமாறித் தடுமாறிச் சொன்னதை முழுக்கக் கேட்டாள். போகும்போது, திங்கட்கிழமையிலிருந்து முழு ஹோட்டல் துணியும் இங்கேதான் வரும், ஆள் வேண்டுமானால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். கணவர் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, தேவைக்கு மேல் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தார்.

கறையக்கா இஸ்திரி மேசைக்குப் போனாள். ஸ்பிரிட் பட்டதும் மை பரவி ஒரு வளையம் விழுமே, அது எப்படி விழாமல் போயிற்று என்று கேட்டாள். கை வியர்த்தால் போட்டுக்கொள்ள வைத்திருந்த முகப்பவுடரைக் கறையைச் சுற்றி அணைகட்டினாற்போலத் தூவிவிட்டு, அதற்குள்ளேதான் ஸ்பிரிட்டை ஒற்றியதாக அவர் சொன்னார். பவுடர் அதற்கு மேல் பரவவிடவில்லையாம். அந்த வளையத்தோடு மல்லுக்கட்டியே கறையக்கா பதினைந்து வருடத்தில் எத்தனையோ நாளைக் கழித்திருக்கிறாள்.

அவள் ஒரு அட்டையை எடுத்தாள். பேனாவைத் திறந்துகொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“முதல்லேர்ந்து சொல்லுங்க. பவுடர் எவ்வளவு?”