கடல் பக்கம் இழுத்த கார்

அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினேன். அதன்பின் எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரும்போதெல்லாம், யாரோ பிடித்துத் திருப்புவதுபோல ஸ்டியரிங் இடப்புறம், கடல் பக்கம் போனது.

"அந்த எடம் காவு கேக்குது. எலுமிச்சம்பயம் கட்டுய்யா" என்றாள் மனைவி. புத்திகெட்ட நானும் கட்டினேன். இழுப்பு கூடியது. ஒரு காலை, பிடியைச் சற்றே தளர்த்தினேன். கார் கரைப்பாறைகளை நோக்கி நகர்ந்தது.

ஒடித்துத் திருப்பி, நேரே ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். கடைக்கார பாய் முன்சக்கரத்தின் உட்புறம் தடவினார். விரலில் ரத்தம்.

"உள்பக்கம் தேஞ்சி கம்பி தெரியுது நைனா! வண்டிய எறக்கிட்டு அலைன்மென்ட் பாக்காமலா ஓட்டிக்கினு கீற? அதான் எந்த ரோட்லயும் எடது பக்கமா இயுக்குது."

டயரை மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தார். இப்போது ஏறுமுன் டயர்களின் உட்புறத்தைக் குனிந்து பார்க்கிறேன். கார் நேராகத்தான் போகிறது. அந்தப் பாறைகளருகே என் கைகள்தான் இன்னும் எதையோ எதிர்த்து வலப்பக்கம் இழுக்கின்றன.