பச்சை பூசிய விளக்கு

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே நான் மின்விளக்குகள் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். நாடக மேடைகளிலும் சினிமாப் படப்பிடிப்பிலும் எரிந்து ஓய்ந்த விளக்குகள். அப்போது ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். கொழும்புக்குப் போகும்போதெல்லாம் பழைய சாமான் கடைகளில் அலைவேன். முதலில் கிடைத்தது, மூடிவிட்ட ஒரு நாடக மண்டபத்தின் ஸ்பொட் லைற். இரும்புக் கூடு, முகத்தில் வளையம் வளையமாகச் செதுக்கிய தடித்த கண்ணாடி. ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

"கறண்ட் இல்லாத ஊரில இதை என்ன செய்யப் போறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"பாக்கப் போறன்."

"பாருங்கோ, பாருங்கோ."

உண்மையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணாடியைக் கழற்றிக் காலையில் கிழக்கு யன்னலில் பிடித்தால், வெயில் அதற்குள்ளால் புகுந்து சுவரில் பெரிய வட்டமாக விழும். அந்த வட்டத்துக்குக் கூரான விளிம்பு கிடையாது. வெளிச்சம் எங்கே முடிந்தது, நிழல் எங்கே தொடங்கியது என்று சொல்ல ஏலாது. ஒரு நடிகையின் முகத்தில் வெளிச்சம் உறுத்தாமல் விழவேண்டும் என்று எவனோ ஒருவன் இருந்து யோசித்திருக்கிறான். அந்த யோசனையைத்தான் நான் சேர்த்தேன். கடற்காற்றின் உப்பு உள்ளேயிருக்கும் அலுமினியத் தகட்டை வெள்ளை மாவாக்கிவிடும் என்பதால், எண்ணெய் தடவிப் பழைய சாரங்களில் சுற்றி வைப்பேன். பத்து வருடங்களில் ஓர் அறை நிரம்பிவிட்டது. ஊருக்குள் என்னை "லைற்காரர்" என்றார்கள். மரியாதையாக அல்ல.

எழுபதுகளில் எங்கள் வீதிக்குக் கறண்ட் வந்தது. அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி, வெளிநாட்டுச் சாமான்கள் எதுவும் வராத காலம் அது. எரியக்கூடிய பல்ப் என்னிடம் இரண்டே இரண்டுதான் இருந்தன. அந்த நேரம் பார்த்து மனைவியின் தமையனார் வீட்டுக்கு வந்தார். தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றின் அதிபர். பரிசளிப்பு விழாவில் நாடகம் போடுகிறார்களாம்.

"ரண்டு லைற் தாரும். விழா முடிஞ்ச கையோட கொண்டுவந்து தாறன்."

"நானே வந்து போட்டுத் தாறனே, அத்தான். அதுகள் கடுமையாச் சூடாகும், பழகின ஆள்தான் பாக்கவேணும்."

"அதுக்கு ஆள் பிடிச்சாச்சு. நீர் வந்து முன்வரிசையில இரும்."

நான் வாய் திறப்பதற்குள், "கொண்டு போங்கோ அண்ணை" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

இருள் கவியும் மம்மல் பொழுதில் நாடகம் தொடங்கியது. காட்டுக் காட்சி. மேடை முழுக்கப் பச்சை. எங்கேயிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். வள்ளத்துக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ற்றை இரண்டு கண்ணாடிகளிலும் அப்பியிருந்தார்கள். பெயின்ற் கருகும் நாற்றம் முன்வரிசைக்கு வந்தது. நான் எழும்பினேன். "இருங்கோ, சனம் பாக்குது" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். அப்போது மேலே ஒரு கண்ணாடி படாரென்று வெடித்தது. காட்டில் இடி இடித்ததாக்கும் என்று நினைத்துச் சனம் கை தட்டியது.

விழா முடிந்ததும் அதிபர் என் தோளில் தட்டினார். "ஒரு பழைய கண்ணாடிதானே. மற்றது இங்க கிடக்கட்டும், அடுத்த விழாவுக்கும் தேவைப்படும்."

வீட்டில் நான் கத்தினேன். "ஒரு லைற்றுக்காக அண்ணையோட பிணக்குப்படப் போறியளோ?" என்று அவள் அழுதாள். நான் பிணக்குப்பட்டேன். பல வருடங்கள் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. நல்லது கெட்டதுக்கெல்லாம் அவள் தனியாகத்தான் போய்வந்தாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்கு மனைவி கெஞ்சி என்னைக் கூட்டிப்போனாள். மண்டப வாசலில் என் விளக்கு ஒரு மேசைமேல் நின்றது. பச்சையைச் சுரண்டியதில் கண்ணாடி முழுக்கக் கீறல். கீழே பித்தளைத் தகட்டில் "அன்பளிப்பு" என்றும் அதன் அடியில் அவருடைய பெயரும் வெட்டியிருந்தது.

மாலையோடு நின்றவரிடம் போய், "அத்தான், இது என்ர லைற்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீர் அறைக்குள்ள பூட்டித்தானே வைச்சிருந்தனீர்? இங்க நாலு சனம் பாக்குது" என்றார்.

அந்தச் சொல் இன்றைக்கும் உறுத்துகிறது. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தகட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதமே மிச்ச விளக்குகளை, யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். லொறி போன பிறகு மனைவி அறையைக் கூட்டி, நெல்மூட்டைகளை அடுக்கினாள்.

"இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றாள்.

"ஓம்" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் சாப்பாட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் மட்டும் பேசினோம்.