செவ்வாய்க்கிழமை அறிக்கை

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவர் எல்லோருக்கும் 'அஞ்சு ஃபைல் அக்கா'. எடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து ஃபைல் போடுவார்: தொடக்கம், திட்டம், செயல், கண்காணிப்பு, முடிப்பு. "ஒரே ஃபைல் போதாதாக்கா? எதுக்கு இந்த வீம்பு?" என்று எரிந்து விழுவேன். "முடிப்பு எதுக்குன்னு நினைக்கிறே? வேலை செஞ்சவன்கிட்ட, போதும்டா, வீட்டுக்குப் போன்னு சொல்றதுக்குத்தான்," என்பார். முடிப்பில் அவர் கையெழுத்து விழும்வரை வேலை செய்பவர் எழுதும் கண்காணிப்பு அறிக்கை செவ்வாய்தோறும் வந்தாக வேண்டும். தலைகீழாக நின்றாலும் அதில் விலக்கு கிடையாது.

அவருடைய தம்பி எங்கள் மெக்கானிக். ஆறு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் மாட்டும்போது விழுந்து செத்துப்போனான். மிச்ச வேலையை வேறு ஆள் முடித்தார். லிஃப்டும் ஓடத் தொடங்கியது. முடிப்பு ஃபைலில் மட்டும் அக்கா கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த செவ்வாய் மதியம் அவர் மேசைத் தட்டில் ஓர் அறிக்கை கிடந்தது. தம்பியின் எழுத்து, ஓரத்தில் கிரீஸ் விரல்தடம். 'வேலை நடக்கிறது.' எவனோ விளையாடுகிறான் என்று ஆபீசையே உண்டு இல்லை என்று ஆக்கினேன். மறுவாரம் நானே காவல் உட்கார்ந்தேன். ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால் தாள் கிடக்கிறது.

அக்கா அதைத் தடவித் தடவிப் படித்தார். "கையெழுத்துப் போட்டா இவன் வர்றது நின்னுடும். போட மாட்டேன் போ."

பதினோராவது வாரம் எழுத்து கோணியிருந்தது. 'வேலை நடக்கிறது. இன்னும் வீட்டுக்குப் போகலைக்கா. கை வலிக்குது.'

அக்கா முடிப்பு ஃபைலை எடுத்தார். "பாவி நான், புள்ளைய இத்தனை நாளா நிக்க வச்சிருக்கேன்," என்று தேம்பினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

படிவத்தின் கடைசி வரி, பணியாளர் விடுவிப்பு. இடப்பக்கம் பொறுப்பாளர் கையெழுத்து, வலப்பக்கம் பணியாளர் கையெழுத்து. அக்கா இடப்பக்கம் போட்டார். வலப்பக்கம் காலியாக இருந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். அவர் பேனாவை மூடி வைத்து நான் மறுபடி குனிந்தபோது, அங்கே தம்பியின் கையெழுத்து இருந்தது. தொட்டுப் பார்த்தேன். விரலில் கிரீஸ் ஒட்டியது.

அடுத்த செவ்வாய் சாயங்காலம்வரை தட்டு காலியாகவே இருந்தது. "வீட்டுக்குப் போயிட்டான்," என்று அக்கா அதைத் துடைத்து அலமாரியில் வைத்தார்.