கைக்கு வந்த வீடியோ

'தெளிந்த சிந்தனையும் விரைந்து முடிவெடுக்கும் ஆற்றலும் கொண்ட முன்னோடி மீனவர்.' ஏதோ ஒரு பயிற்சி முகாமின் கடைசி நாளில் கொடுத்த சான்றிதழ் கோபாலைப் பற்றி இப்படிச் சொல்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் சாமி படங்களோடு அதுவும் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கண்களை இறுக மூடி, செல்போன் திரையைக் கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறார் அந்த முன்னோடி மீனவர்.

கண்ணை மூடுவதற்குக் காரணம் உண்டு. பழவேற்காடு ஏரியோரத்தில் அவருடைய குப்பத்தில், எந்த நாள் எவர் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுதான் சொல்லும். அதற்குப் பாடு என்று பெயர். கோயில் வாசலில் சீட்டுகளைப் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். இறால் கொட்டுகிற இடம் வந்தாலும் சரி, வலையில் பாசி மட்டுமே ஏறுகிற இடம் வந்தாலும் சரி, எடுத்த சீட்டைத் திருப்பிப் போடக் கூடாது. அப்படிப் போட்டவன் வம்சம் விளங்காது என்பார்கள். அரசாங்கச் சட்டம் எதையும் கோபால் இத்தனை பயபக்தியோடு மதித்ததில்லை.

பொன்னேரியில் வாழ்க்கைப்பட்ட மகள் காவியா, புதுப் போன் வாங்கியதும் பழையதை அப்பாவின் தலையில் கட்டினாள். கோபால் அதற்குள்ளும் பாடு முறையைக் கொண்டுபோய்விட்டார். கண்ணை மூடித் தள்ளுவார். கைக்கு வந்த வீடியோ எதுவானாலும் முடிகிறவரை பார்ப்பார். பாதியில் தள்ளுவது பாவம். இப்படியாக அவர் மணப்பெண்ணுக்குக் கண் மை தீட்டும் விதத்தை முழுசாகக் கற்றிருக்கிறார். பங்குச் சந்தை பற்றி ஒருவர் இந்தியில் பேசிய நெடும் பேச்சை ஒரு சொல்கூடப் புரியாமல் கேட்டு, அந்த அரங்கம் கைதட்டியபோதெல்லாம் தாமும் தட்டியிருக்கிறார்.

வேடிக்கை எது, கருத்து எது என்கிற பாகுபாடும் அவரிடம் கிடையாது. ஃப்ரிட்ஜ் மேலிருந்து பூனை விழுகிறது, ஊர் சிரிக்கும். கோபால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இதுல இன்னா சொல்ல வர்றான்னே தெர்ல" என்பார். வாழ்க்கை நிலையற்றது என்று ஒரு பெரியவர் கண் கலங்கினால், "ஷோக்கா நடிக்கிறாம்பா" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

இதெல்லாம் சரி, ஊருக்குத் தீங்கில்லை என்றுதான் இருந்தது, மழைக்காலம் முடிந்து முகத்துவாரத்தில் இறால் ஏறும்வரை.

கோபாலின் தம்பி ஆடியில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அந்த வருஷத்துச் சீட்டை அவன் முன்பே எடுத்திருந்தான், நல்ல இடம். அவன் முறை வருவது வெள்ளிக்கிழமை. முறைக்காரர் வீட்டு ஆண் ஒருவன், இல்லாவிட்டால் பங்காளி ஒருவன், விடியுமுன் போய்த் தங்கள் கம்பை அங்கே நட வேண்டும் என்பது குப்பத்துக் கட்டு. நடாவிட்டால் அன்றைய இடம் வரிசையில் அடுத்தவனுக்கு. தம்பி மனைவி கஸ்தூரிக்கு இரண்டும் பெண் குழந்தைகள். வரிசையில் அடுத்தவர் கோபால்.

கஸ்தூரி எதுவும் கேட்கவில்லை. மூத்தாராகிய கோபால் எதிரில் நின்று பேசுகிற வழக்கமும் அவளுக்கு இல்லை. கோபாலின் மனைவி ருக்குவிடம் வந்து, "அக்கா, வெள்ளிக்கெழம எங்க மொற" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுப்பு மூட்ட அந்த ஒரு நாளை விட்டால் இந்த இறால் காலத்தில் அவளுக்கு வேறு நாள் இல்லை. கோபாலுக்கும் வலை கிழிந்துதான் கிடந்தது. புது வலை வாங்க ஒரு நாளாவது இறால் நன்றாக ஏற வேண்டியிருந்தது. கட்டு அவர் பக்கம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

ஆகவே அவர் போனிடம் கேட்டார்.

புதன்கிழமை கன்னத்தில் மைக் ஒட்டிய ஒருவர் மேடையில் அங்குமிங்கும் நடந்துகொண்டே, கைக்கு வந்ததை விட்டவன் கடைசிவரை கைகட்டித்தான் நிற்பான் என்றார். கோபால் தலையாட்டினார். அடுத்துத் தள்ளியதில் வந்த தாடிக்காரர், அடுத்தவன் இலையில் இருப்பது உனக்குச் செரிக்காது என்றார். கோபால் அதற்கும் அதே அளவு தலையாட்டினார். இரண்டு சீட்டும் அவர் கையால் எடுத்தவை. எதைத் திருப்பிப் போடுவது?

படகடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த குப்பத்து இளவட்டம் சுப்பனிடம் போய் வழக்கை வைத்தார். பெயர் எதுவும் சொல்லாமல், ஒருத்தன் இப்படிச் சொல்கிறான், இன்னொருத்தன் அப்படிச் சொல்கிறான் என்றார். சுப்பனுக்கு விஷயம் தெரியும், குப்பத்துக்கே தெரியும்.

"அவங்க ரெண்டு பேரும் வலை கட்டுவாங்களா நைனா?" என்றான் சுப்பன்.

"கட்ட மாட்டாங்க. ஆனா ரெண்டு பேரு சொல்றதும் ஞாயமாத்தான் கீது. அதான் பேஜாரு."

வியாழக்கிழமை அந்தி. இதுதான் கடைசிச் சீட்டு, இதில் வருவதுதான் தீர்ப்பு என்று முடிவுசெய்து, கை கால் கழுவி, நெற்றிக்கு விபூதி இட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தள்ளினார். ருக்கு குழம்புக்குப் புளி கரைத்தபடி எட்டிப் பார்த்தாள். வீடியோ முடியும்வரை அவர் அசையவில்லை.

"இன்னாய்யா சொல்றாரு உன் வாத்தியாரு?"

"பூண்டு உரிக்கிறான்."

"இன்னாது?"

"பாட்டில்ல போட்டுக் குலுக்குனா தோலு தானா கழண்டு வந்துருதாம்." திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு இன்னா அர்த்தம் எடுத்துக்கறது, ருக்கு?"

"பூண்ட உரிக்கணும்னு அர்த்தம். அந்தக் கூடையில கீது, உரி" என்றாள்.

உரித்தார். பாட்டிலில் போட்டுக் குலுக்கியும் பார்த்தார், தோல் கழலவில்லை. கடைசியில் நகத்தாலேயே உரித்தார். சாப்பிடும்போது, நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று ருக்கு கேட்டதற்கு, தெர்ல என்றார். அது உண்மைதான் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை, கிழக்கு வெளுக்குமுன், சுப்பன் தன் படகோடு அந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவன். இடுப்பளவுத் தண்ணீரில் கோபால் தோளில் கம்பும் வலையுமாக வருவதைப் பார்த்தான். கோபாலின் கம்பில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், தம்பி வீட்டுக் கம்பில் நீலம். இருட்டில் நிறம் பிடிபடவில்லை.

"யாரு கம்பு நைனா அது?" என்று குரல் கொடுத்தான். "எந்த வாத்தியாரு ஜெயிச்சாரு?"

"எனுக்கே ஒன்னும் புரில. நீ கம்முனு இரு" என்றார் கோபால்.

பிறகு, கஸ்தூரி வீட்டுக் கூரையில் செருகிக் கிடந்த, நீலத் துணி கட்டிய கம்பைச் சேற்றில் ஊன்றி, அது அசைகிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, தம்பியின் வலையை அதில் கட்டினார்.