மாந்தோப்பில் மூணடிக் கடல்

வேட்டி விற்றவனிடம் வந்து "ஏனுங்க, நேத்து வாங்கின வேட்டி செத்துப் போச்சுங்க" என்று யாரும் சொல்லப் போவதில்லை. மீன் தொட்டி விற்கிறவனிடம் வாரத்துக்கு ஒருத்தராவது வந்து அதைச் சொல்வார்கள். சில பேர் சாட்சிக்குக் கையில் பொட்டலமும் கொண்டு வருவார்கள். ரேடியோ கடை, கடிகாரக் கடை, வாடகை சைக்கிள் கடை என்று வைத்து, விற்ற பொருளுக்காகப் பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நடந்தது எழுபதுகளின் நடுவில். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் எங்கண்ணனுக்கு, எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுத்துகிற கடை. நானும் அதில்தான் சேர்ந்தேன், ஒரே ஒரு மோட்டார் வரைக்கும் இருந்தேன். நான் சுத்திக் கொடுத்த அந்த மோட்டார், ஸ்விட்சைப் போட்டதும் சாம்பிராணி போட்ட மாதிரி புகைந்தது. அதற்கப்புறம் அண்ணன் கடையின் முன்பாதியை எனக்கு விட்டுவிட்டு, நடுவே ஒரு பலகைத் தடுப்பு அடித்தார். முன்பாதியில் நான் மீன் தொட்டி வைத்தேன். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "தம்பி மீனுக்கு மூச்சு வுடச் சொல்லிக் குடுக்கறானுங்க."

எத்தனை ஹெச்பி?

முதலமடை மாந்தோப்புக்காரர் நாச்சிமுத்து ஒரு நாள் கடைக்குள் வந்து, தங்கமீனையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்காமல், "கடல் மீனு வேணுமுங்க" என்றார். மாங்காய் லோடோடு கொச்சிக்குப் போனவர் அங்கே ஒரு மண்டிக்காரர் வீட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருக்கிறார். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. அதைப் பார்த்த நாளிலிருந்து தூக்கமில்லையாம். முதலமடையோ மழை எட்டிப் பார்க்காத ஊர். கிணற்றில் வாளி போய்த் தண்ணீரைத் தொடுவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம்.

எனக்குக் கை பரபரத்தது. வெளியூரிலிருந்து வரவழைத்து வைத்திருந்த கேட்டலாக்கைப் பிரித்து விளக்கினேன். மணலுக்கு அடியில் போடுகிற ஓட்டைத் தட்டு ஒன்று. அழுக்கை மணலே தின்றுவிடும். மூலையில் வைக்கிற பஞ்சும் கரியும் போட்ட டப்பா ஒன்று. மூன்றாவது நுரை எடுக்கிற குழாய். அடியிலிருந்து பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ் விட்டால், கண்ணுக்குத் தெரியாத அழுக்கு குமிழோடு ஒட்டி மேலே வந்து, நுரையாக ஒரு கிண்ணத்தில் வழியும். இந்த மூன்றில் எது வேண்டும் என்று கேட்டேன். அவர் மூன்று படத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். நான் அரை மணி நேரம் தொண்டை வற்றப் பேசியதற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதுல எதுங்க தம்பி அஞ்சு ஹெச்பி?"

மூன்றுமே போடலாம் என்று முடிவாயிற்று. அவர் போனதும் அண்ணன் பலகையைச் சுற்றி வந்தார். அன்றைக்கு அவருக்கு என்ன கோபமோ தெரியாது. "வெய்யக்காட்டுல கடலைக் கொண்டாந்து வெக்கறியா? மாங்கா சீசன் முடியற வரைக்கும் அந்த ரெண்டு மீனும் உசுரோட இருந்துட்டா, இந்தப் பலகை இப்படியே இருக்கட்டும். ஒண்ணு செத்தாலும் ஆணியப் புடுங்கிப் போடறேன், நீ தொட்டியெல்லாம் ஏறக்கட்டிட்டு காயில் சுத்த வந்துரு" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "சரி" என்று சொல்லித் தொலைத்தேன். அண்ணன் போகும்போது திரும்பிப் பார்த்து, "அந்த கேட்டலாக்கைப் பத்தரமா வெய்யி, காயிலுக்கு நடுவுல வெக்கக் காயிதம் வேணும்" என்றார்.

பிரம்பு

ஓட்டைத் தட்டும் பஞ்சு டப்பாவும் கிடைத்துவிட்டன. நுரைக் குழாய்தான் இந்த நாட்டிலேயே எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. செய்வதென்று இறங்கினேன். உயரமான கண்ணாடிக் குழாய் வேண்டும். பொடிக் குமிழ் விட, காற்று கசிகிற மாதிரி நுண்துளை உள்ள மரத்துண்டும் வேண்டும். முருங்கைக் கட்டையைப் போட்டுப் பார்த்தேன், இரண்டு நாளில் ஊறிக் கொழகொழத்தது. மூங்கிலில் காற்றே வரவில்லை. கடைசியில் பிரம்புத் துண்டு ஒன்றைக் காற்றுக் குழாயில் செருகி உப்புத் தண்ணீரில் விட்டேன். அடடா! பால் பொங்குகிற மாதிரி வெள்ளை வெளேரென்று குமிழ் வந்தது.

அப்படியே எங்கள் பழைய ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். பள்ளிக்கூட லேபில் அடி உடைந்து கிடந்த உயரமான அளவு ஜாடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரம்பு என்றதும் மேசை டிராயரைத் திறந்து, எனக்கு நன்றாகப் பழக்கமான அந்தப் பிரம்பையே எடுத்து நீட்டினார். என் உள்ளங்கை தானாக மடங்கிக்கொண்டது. அவர் சொன்னார்: "இருவது வருசமா இதை வெச்சு உங்க மண்டையில இருக்கற அழுக்கை வெளிய எடுக்கப் பாத்தேன், முடியல. உன்ர தொட்டியிலயாவது எடுக்குதான்னு பாரு."

எட்டு கேன்

நாச்சிமுத்துவின் மாங்காய் லாரி கொச்சிக்குச் சரக்கு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும். அதில் எட்டு கேன் கடல் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்தோம். கரையில் எடுத்தால் கலங்கல் என்று, ஒரு வள்ளக்காரரைக் கெஞ்சி நடுக்கடலில் மொண்டு வரச் செய்தேன். பாலக்காடு தாண்டும்போது சாராயம் பிடிக்கிற எக்ஸைஸ் ஜீப் லாரியை மறித்தது. தார்ப்பாய்க்கு அடியில் வரிசையாக எட்டு கேன், உள்ளே தெளிந்த தண்ணீர். நீங்களாக இருந்தாலும் மறித்திருப்பீர்கள்.

நான் "கடல் தண்ணிங்க, மீனுக்குங்க" என்றேன். ஆபீசர் "ஓ, மீனுக்கோ?" என்று தலையை ஆட்டிக்கொண்டே ஒரு கேனைத் திறந்தார். மோந்து பார்த்தார், திருப்தியில்லை. கை நிறைய மொண்டு, நான் தடுப்பதற்குள் ஒரே மடக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனுசனுக்கு. ரோட்டோரம் துப்பித் துப்பி முடித்து, கேன் மூடியை அவரே இறுக்கித் திருகிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "போ போ, இதைக் குடிக்கிறவனைப் பிடிக்க எக்ஸைஸ் வேண்டா, ஆஸ்பத்திரி போதும்."

வெறும் தண்ணி

மூணடித் தொட்டியைத் தயார் செய்து, தண்ணீர் ஊற்றி, மூன்று ஃபில்டரையும் ஓடவிட்டு, நான் ஒரு குண்டைப் போட்டேன். நாலு வாரத்துக்கு மீன் கூடாது. மணல் பழக வேண்டும், பழகாத மணலில் மீனை விட்டால் அதன் கழிவே அதற்கு விஷம். நாச்சிமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. அதற்குள் அவர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். தினமும் ஆட்கள் வருவார்கள், தொட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், மணலைப் பார்ப்பார்கள், மோர் குடித்துவிட்டுப் போவார்கள். மூன்றாவது வாரம் அவர் வீட்டம்மா சரசக்கா என்னிடம் வந்தார். மோர் ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்து போயிருந்தார். "ஏந் தம்பி, தண்ணிதான் பாக்கோணும்னா எங்கூட்டுல கெணறு இருக்குதே" என்றார்.

வெண்டைத் தண்டு

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து கோமாளி மீன் ஜோடி வந்து சேர்ந்தது. மாங்காய் சீசன் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. சரசக்கா அதுகளுக்கு மாப்பிள்ளை, பொண்ணு என்று பேர் வைத்தார். நுரைக் குழாயை நான் நாச்சிமுத்துவுக்கு மூன்று தடவை விளக்கியும் அவருக்குப் பிடிபடவில்லை. சரசக்கா முறத்தோடு அந்தப் பக்கம் போனவர், கிண்ணத்தில் வழிந்த பழுப்பு நுரையை ஒரு பார்வை பார்த்தார். "இதென்ன பெரிய வித்தை? கரும்புப்பால் காச்சறப்ப அழுக்கு எடுக்கறதுதானே?" என்றார். அக்கா பிறந்த வீடு பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம், வெல்லம் காய்ச்சுகிற குடும்பம். எனக்கு வாயெல்லாம் பல். இந்தத் தொழிலுக்கு வந்து முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளர் ஃபில்டரைப் புரிந்துகொண்டார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நாலாம் நாள் காலையில் ஆள் வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கூடம் முழுக்க நுரை. கிண்ணம் நிரம்பி, மேசை நிரம்பி, திண்டு தலையணை எல்லாம் நனைந்து கிடந்தது. மாப்பிள்ளையும் பொண்ணும் தண்ணீருக்கு மேலே வாயை வைத்து ஆ ஆ என்று காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. என் உயிரே போய்விட்டது. தொட்டியை எட்டிப் பார்த்தேன்: நசுக்கிய பச்சைத் தண்டு நாலு மிதந்தது. பாகு காய்ச்சும்போது வெண்டைத் தண்டை நசுக்கிப் போட்டால் அதன் கொழகொழப்பில் அழுக்கு திரண்டு சீக்கிரம் மேலே வரும். அக்கா அழுக்கு வெசையா வரட்டும் என்று கைப்பக்குவத்தைக் காட்டிவிட்டார். நல்ல வேளை, மிச்சக் கடல் தண்ணீர் நாலு கேன் மாட்டுக் கொட்டாயில் இருந்தது. பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிப் புதிதாக ஊற்றினேன். மத்தியானத்துக்கு மேல் இரண்டும் கீழே இறங்கி நீந்தின. எனக்குக் கோபமான கோபம். "கொஞ்சமாவது ரோசனை வேண்டாமாக்கா?" என்று கத்தியே விட்டேன். சரசக்கா முந்தானையைக் கசக்கிக்கொண்டு, பாவமாகச் சொன்னார்: "காச்சலீங்க தம்பி, பச்சையாத்தானுங்க போட்டேன்."

லாரி டியூப்

கடைசிக் காய் பறிக்கிற வாரம். இன்னும் நாலு நாள் தாண்டிவிட்டால் பலகை என்னுடையது. பஞ்சு மாற்றலாம் என்று முதலமடைக்குப் போயிருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு காற்று அடித்தது பாருங்கள், கோடை மழையோடு. மாங்காய் கல் விழுகிற மாதிரி விழுந்தது. ரோட்டோரப் புளியமரம் சாய்ந்து, கரண்ட் கம்பி அறுந்து போயிற்று. காற்றுப் பம்பு 'கிர்ர்' என்று இருந்தது 'கிர்' என்று நின்றது. தட்டு நின்றது, டப்பா நின்றது, ஹெட்மாஸ்டர் பிரம்பும் நின்றது. மூன்று ஃபில்டர் போட்டேனே தவிர, மூன்றுக்கும் மூச்சு அந்த ஒரு பம்புதான். கேட்டலாக்கில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நாச்சிமுத்து விழுந்த காயைப் பொறுக்கத் தோப்புக்கு ஓடிவிட்டார். அவருக்கு அங்கே தலைக்கு மேல் சோலி. நானும் சரசக்காவும் ஆளுக்கொரு சொம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், காற்றுக் கலக்கட்டும் என்று. ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆயிற்று. கரண்டாபீசில் கேட்டதற்கு நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மணிக்கு மாப்பிள்ளை மேலே வந்து வாயைத் திறந்தது. கொஞ்ச நேரத்தில் பொண்ணும் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அந்தச் சின்னக் கடையைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? பலகையில் ஆணி பிடுங்குகிற சத்தம் காதிலேயே கேட்டது.

அப்போது வாசலில் சைக்கிள் சத்தம். அண்ணன்! நனைந்த வேட்டி, கழுத்தில் மாலை போட்ட மாதிரி லாரி டியூப், கேரியரில் கால் பம்பு. கொல்லங்கோட்டிலும் கரண்ட் போனதும், இங்கே மீனுக்கு மூச்சு நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தக் காற்றிலும் சேற்றிலும் மிதித்து வந்திருக்கிறார். டியூபைக் கீழே போட்டார், புசுபுசுவென்று மிதித்துக் காற்றடித்தார். வால்வில் என் காற்றுக் குழாயை மாட்டி, நடுவில் துணிக் கிளிப்பைக் கடிக்க விட்டார். காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பிரம்புக்குப் போயிற்று. வெள்ளை வெளேரென்று குமிழ் வந்தது. சரசக்கா கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். டியூப் சுருங்கச் சுருங்க நாங்கள் மூவரும் மாற்றி மாற்றி மிதித்தோம். மறுநாள் பத்து மணிக்குக் கரண்ட் வந்தபோது மாப்பிள்ளையும் பொண்ணும் இரை கேட்டுக் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தன.

திரும்பி வரும்போது நான் அண்ணனுக்குப் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தேன், டியூப் இப்போது என் கழுத்தில். நெஞ்சு நிறைந்து போய், "அண்ணா, மீனு செத்தா நீ ஜெயிச்சிருப்பே. எதுக்கு வந்தே?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் மிதித்துக்கொண்டே சொன்னார்: "அதுக செத்தா நீ நாளைக்கே என்ர பக்கம் வந்து காயில் சுத்த ஒக்காந்துக்குவே, அப்பறம் இந்த ஊருல ஒரு மோட்டார் ஓடுமா? கோவத்துல வாய வுட்டுட்டு நாலு மாசமா நான் தூங்கலடா."

அன்றிலிருந்து உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் தட்டு, டப்பா, நுரைக் குழாய் மூன்றையும் எடுத்துக் காட்டிவிட்டு, கடைசியாக, உங்களுக்கு வாய் கெட்ட அண்ணன் யாராவது உண்டா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.