கேள்வியாகவே எழுதிய செல்வராஜ்

செவ்வாய்க்கிழமை காலை கைப்பேசியில் செல்வராஜின் பெயர் ஒளிர்ந்தது. "சொல்லுங்க செல்வா, விழுந்துதா?" என்றுதான் எடுத்தேன். எங்களுக்குள் வணக்கம் என்பதே அதுதான். ஏதேனும் ஓர் இயந்திரம் செயலிழந்து விழுந்தாலொழிய அலுவலகம் தொடங்கும் முன் அவர் அழைப்பதில்லை. மறுமுனையில் பேசியது அவர் மனைவி பிலோமினா. "அண்ணா, நான் பிலோ. அவரு போயிட்டாரு அண்ணா. தூக்கத்துலயே." விவேக் நகரில் அவர்கள் வீட்டை அடையும்வரை, என் முதல் வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது ஒன்றே மனத்தில் இருந்தது. கேட்டேன். "அவருக்கு அது பிடிச்சிருக்கும் அண்ணா" என்றார் பிலோமினா.

அவருடன் பணியாற்றிய உங்களுக்கு எங்கள் வேலை தெரியும். அவர் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மருத்துவமனைப் படுக்கையருகே நாடித்துடிப்பைக் காட்டும் மானிட்டர்களுக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். அதன் அடித்தளத்துக்குக் கெர்னல் என்று பெயர். மற்ற நிரல்கள் எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. அது விழுந்தால் திரை இருண்டுவிடும். இயந்திரம் மீண்டும் எழும்வரை நோயாளியின் நாடியை யாரும் பார்க்கமுடியாது. ஆகவே ஒருவர் எழுதும் திருத்தத்தை இன்னொருவர் ஆராய்ந்து, அதன்கீழ் தம் பெயரை இடவேண்டும் என்பது விதி. செல்வராஜ் எளிதில் பெயர் இடமாட்டார். முதலில் திருத்தத்தை நீக்கிவிட்டு, இயந்திரத்தைத் தம் மேசையிலேயே விழ வைப்பார். அதன் பிறகே திருத்தத்தைப் படிப்பார். "விழுந்ததைப் பார்க்காதவன் எழுந்ததைப் பத்திப் பேசக்கூடாது சார்" என்பார்.

ஒருமுறை திருத்தம் என்னுடையது. நோயாளியின் விரலில் மாட்டும் கருவியின் வயரைக் கழற்றும்போது சில மானிட்டர்கள் எப்போதாவது விழுந்தன. வயர் கழன்றதும் கெர்னலின் ஒரு பகுதி அதற்குரிய நினைவகத்தை விடுவித்துவிடும். அதே கணத்தில் இன்னொரு பகுதி அங்கே படித்துக்கொண்டிருந்தால் விபத்து. படிப்பதற்கு முன் நினைவகம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையைச் சேர்த்தேன். நடந்ததைப் பதிவு செய்ய ஒரு வரியும் சேர்த்தேன், அதுவும் விதிதான். வாரயிறுதி முழுவதும் வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தோம், விழவில்லை. மருத்துவமனை காத்திருந்தது. எங்கள் மேலாளர் செல்வராஜின் மேசையருகே வந்து, "ஆயித்தல்வா செல்வா" என்று, 'முடிந்ததல்லவா' எனக் கன்னடத்தில் தொடங்கி, "நிக்குது இல்ல? பேரைப் போடு. வண்டி கீழ நிக்குது" என்றார்.

செல்வராஜ் பெயர் இடவில்லை. எல்லோரும் பார்க்கும் ஆய்வுப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினார்: பதிவுக்கான வரியை எடுத்துவிட்டாலும் இது நிற்குமா?

எனக்கு எரிச்சல். விதிப்படி இருக்கவேண்டிய வரியை எதற்காக எடுப்பது? பிற்பகலில்தான், ஒப்புக்காக, எடுத்துப் பார்த்தேன். சற்று நேரத்தில் இயந்திரம் விழுந்தது. என் சோதனை எதையும் தடுக்கவில்லை. பதிவை எழுதும் வேலை அந்த இடத்தில் சிறு தாமதத்தை உண்டாக்கியது. அந்தத் தாமதத்தில் ஆபத்து கடந்து போய்க்கொண்டிருந்தது. வேவு பார்க்க வைத்த வரி, தூணாக நின்றிருந்தது. மருத்துவமனைக்குப் போகும் மானிட்டர்களிலோ அத்தகைய பதிவுகளை நிறுத்தியே அனுப்புவோம். அங்கே அது விழுந்திருக்கும், ஒரு நோயாளியின் அருகில். படிப்பவர் முடிக்கும்வரை விடுவிப்பவர் காத்திருக்கும்படி மாற்றி எழுதினேன். செல்வராஜ் பழையபடி விழவைத்துப் பார்த்துவிட்டு, அன்று மாலையே பெயர் இட்டார்.

அப்போதுதான் அவர் திரையின் மூலையைக் கவனித்தேன். அந்த வரியை நீக்கி அவர் விழ வைத்த பதிவு அங்கே திறந்திருந்தது. காலையில் எடுத்தது. அன்று பகல் முழுவதும் மேலாளர் அவரைச் சந்தேகப் பிராணி என்றும், வண்டிக்கு வாடகை உன் சம்பளத்தில்தான் என்றும் கடிந்துகொண்டிருந்தார். விடையைக் கையில் வைத்துக்கொண்டே செல்வராஜ் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"காலையிலேயே தெரியுமே செல்வா. சொல்லியிருந்தா திட்டு மிச்சமாயிருக்குமே?" என்றேன்.

"தப்புன்னு எழுதினா அது என்னோட கண்டுபிடிப்பு ஆயிடும் சார். கேள்வியா கேட்டா, பதில் உங்களோடது. நாளைக்கும் இந்தப் புரோகிராமை நீங்கதானே காப்பாத்தணும்?" என்றவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "திட்டு ஒண்ணும் புதுசில்ல. நான் கல்யாணம் ஆனவன்" என்றார்.

நான் பிழையைக் கண்டால் விதியின் எண்ணைக் குறிப்பிட்டுத் 'தவறு' என்று எழுதிப் பழகியவன். அவரை அடக்கம் செய்த மறுநாள் சக ஊழியர் ஒருவரின் திருத்தம் என்னிடம் வந்தது. முதலில் அதை நீக்கி, இயந்திரத்தை விழ வைத்தேன். பிறகு திருத்தத்தைப் படித்தேன், குறை தெரிந்தது. வழக்கம்போல் 'தவறு' என்று எழுதியதை அழித்துவிட்டு, ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். விடை தெரிந்தும் வாய்மூடி இருப்பது எத்தனை கடினம் என்பது அன்றுதான் புரிந்தது. செல்வராஜிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காத்திருப்பைத்தான்.

நண்பர்களே, நாமாகவே கண்டுபிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடு நாம் வீடு திரும்பிய மாலைகள் பல. அவற்றில் எத்தனை, அவர் நமக்காகப் பேசாமல் இருந்த பகல்களின் முடிவு என்பதை இனி யாரிடம் கேட்பது?